அந்தப் பக்கம் ஆறடி, இந்தப் பக்கம் எட்டடி

அந்தச் சுவரை நினைத்தாலே கொத்தனாருக்கு வயிறு எரியும். எட்டு வருஷமாக எரிகிறது. அடுத்த வீட்டுப் பக்கம் நின்று அளந்தால் ஆறடி. அவர் அக்கா வீட்டுப் பக்கம் நின்று அளந்தால் எட்டடி. சுவர் என்னவோ ஒன்றுதான். ஆறடிக்கு மேல் கட்டக்கூடாது என்பது சட்டம். எந்தத் தரையிலிருந்து ஆறடி என்று கேட்டால், அடுத்த வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் தன் காலடியைக் காட்டுவார்.

அக்கா தையல்காரி. ஐந்தாம் வகுப்போடு தம்பி பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டபோது, சிமெண்ட் பூசும் கரணையை வாங்கிக் கையில் கொடுத்தவள். புருஷன் போன பிறகு ஒற்றை மெஷினை வைத்துக்கொண்டு மகளைக் கரையேற்றினவள். உதட்டில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். அதனால் திட்டினாலும் மெதுவாகத்தான் வரும். "இன்னும் தைக்கலியா?" என்று யாராவது குதித்தால், "அதுக்குள்ள உடம்பு மாறிடாது, போயிட்டு வா" என்பாள். மெஷின் கிழக்கு ஜன்னலோரம் கிடந்தது. நூலின் நிறத்தை அந்த வெளிச்சத்தில்தான் பார்ப்பாள். ட்யூப்லைட் பொய் சொல்லும் என்பாள்.

ரெண்டு வீட்டுக்கும் நடுவில் அந்தக் காலத்தில் இடுப்பளவுக் கம்பிவேலிதான். மகளின் பிரசவத்துக்காக அக்கா ரெண்டு மாசம் வெளியூர் போயிருந்தபோது ஹெட்மாஸ்டர் லாரி லாரியாக மண்ணைக் கொட்டித் தன் இடத்தை ரெண்டடி தூக்கினார். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு, ரூல்படி ஆறடி, ஒரு அங்குலம் கூடக்கூடாது என்றார். கொட்டின மண்ணின் மேல் கொத்தனார் நின்று, நூல் கட்டி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, வரிவரியாக ஏற்றினார். ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் வந்து அண்ணாந்து பார்த்திருந்தால் அக்காவின் ஜன்னல் வெளிச்சம் போனது தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

ஊரிலிருந்து வந்த மறுநாள் காலை அக்கா ஜன்னலைத் திறந்தாள். "இன்னும் விடியலியாடா?" என்றாள். அப்புறம் சுவரைப் பார்த்தாள். "கட்டினது யாரு?"

"யாரோ வெளியூர் ஆளுங்கக்கா."

வாய் தவறி வந்த பொய் இல்லை அது. பயந்து வந்த பொய்.

அதற்குப் பிறகு அக்கா வாசலில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். கறுப்புப் பேண்ட்டில் நீல நூலை ஓட்டி, தைத்ததைப் பிரித்துத் தைத்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கொத்தனார் அடுத்த வீட்டுக்குச் சண்டைக்குப் போவார்.

"மண்ணைக் கொட்டி மேல ஏறி நின்னுக்கிட்டு ஆறடிங்கறீங்க. நாளைக்கு மொட்டை மாடியில இருந்து அளப்பீங்களா சார்?"

"ரூலைப் படிச்சியா? நீ எதைத்தான் படிச்ச?" என்பார் ஹெட்மாஸ்டர். பிறகு குரலைத் தாழ்த்துவார். "அக்காவைக் கூப்பிடட்டுமா? யார் கட்டினதுன்னு நானே சொல்லிடறேன்."

கொத்தனார் வாயை மூடிக்கொண்டு வீடு திரும்புவார். வாசலில் கிடக்கும் வாளி உதை வாங்கும்.

இந்த வருஷம் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மகள் பிள்ளையோடு வந்து மெஷினில் உட்கார்ந்தாள். ஒரே வாரத்தில் கண் எரிகிறது, சுவரைக் குறைக்க வேண்டும் என்று நகராட்சியில் மனு கொடுத்துவிட்டாள். அதிகாரி டேப்போடு வந்தார்.

"எங்க தரை எப்பவும் இதே உயரம்தான்" என்றார் ஹெட்மாஸ்டர், கண்ணைச் சிமிட்டாமல். "அவங்கதான் மண்ணை வெட்டிப் பள்ளமாக்கிட்டாங்க."

அதிகாரி தலையைச் சொறிந்தார். "பழைய தரை எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்ச ஆள் யாராவது எழுதிக் குடுத்தா, மேல ரெண்டடியை இடிக்க உத்தரவு போடலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். இல்லேன்னா மனுவை மூடிடுவேன்."

ஹெட்மாஸ்டர் கொத்தனாரைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பல்லை அப்படியே பேர்த்தெடுக்கலாம் போலிருந்தது கொத்தனாருக்கு. ஆனால் எழுதிக் கொடுக்கிறேன் என்று வாய் வரவில்லை.

வியாழக்கிழமை அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மகளை டீ வாங்க அனுப்பிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"சுவர் மேல பூச்சு எந்தப் பக்கம்டா சரிவு?"

"அவர் பக்கம்."

"எட்டு வருஷ மழை. ஒரு சொட்டு நம்ம பக்கம் விழல. என் ஜன்னல்ல துணி நனையக்கூடாதுன்னு வெளியூர்க்காரனா பார்த்துப் பார்த்துப் பூசினான்?"

"எப்பக்கா தெரியும்?"

"முதல் மழையிலயே."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். இருந்து பார்த்தாச்சு." உதட்டில் குண்டூசி இல்லை. ஆனாலும் குரல் அதே மாதிரிதான் வந்தது. "அந்த வாத்தியாரைத் தினமும் மெஷின் சத்தத்துல திட்டித் தீர்த்துட்டேன். உன்னை இன்னும் திட்டல. மூச்சு இல்ல."

"எழுதினா என் மேலயும் கேஸ் வரும்க்கா."

"வரட்டும்."

அன்று சாயங்காலமே அவள் பேச்சு நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் போய்விட்டாள். மகள் டீயோடு உள்ளே வருவதற்கு முன்னால் அக்கா கடைசியாகச் சொன்னது இதுதான்:

"நாளைக்கு ஆபீசுக்குப் போ. தரை எங்க இருந்துச்சு, எத்தனை லாரி மண்ணு, கட்டினது யாரு, எல்லாத்தையும் எழுதிக் குடு. படிச்சவன் எவனையும் கூப்பிடாத. கோணலா இருந்தாலும் உன் கையாலேயே எழுது."