சத்தம் இல்லையா? படம் இல்லையா?

ரிமோட் விற்கிற தொழிலில் ஒரு நிம்மதி உண்டு: தொலைக்கிறவர்கள் இருக்கிறவரை எங்களுக்குச் சோறு உண்டு.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் எங்கள் கடை. டிவி, டிவிடி பிளேயர், ஸ்பீக்கர் எல்லாம் என் வீட்டுக்காரர் பொறுப்பு. வாசல் பக்கத்துக் கண்ணாடி மேசையும் அதற்குள் இருக்கிற ரிமோட்டுகளும் என் பொறுப்பு. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான், ஆனால் எந்த டிவிக்கு எந்த ரிமோட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தூக்கம் வந்தால்தானே, அது வேறு விஷயம். டீப்பாய் மேல் நாலு ரிமோட்டைப் பரப்பிவைத்துக்கொண்டு, வீட்டுக்கு ஆள் வந்த நேரத்தில் எதை அமுக்குவது என்று முழிக்கிறவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள். உட்காருங்கள், சொல்கிறேன்.

பிரிக்காத கவர்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரு அம்மா ரயிலேறி வந்தார். ரிமோட்டில் பட்டனே அமுங்கவில்லையாம். பையிலிருந்து எடுத்தார். வாங்கிய நாளில் வந்த பிளாஸ்டிக் உறை, அதன்மேல் இன்னொரு பிளாஸ்டிக் பை, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக ரப்பர் பேண்ட். உள்ளே ரிமோட் இருக்கிறது என்று அவர் சொன்னதால்தான் நம்பினேன்.

ஒவ்வொன்றாகப் பிரித்து ஒரு பட்டனை அமுக்கினேன். கடையில் இருந்த அதே கம்பெனி டிவி உடனே முழித்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷம். அந்த அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "ஐயோ, கவரைப் பிரிச்சிட்டியேம்மா, இனிமே அது பழசாயிடுமே!"

அஞ்சு ரிமோட் தட்டு

சேலையூரில் மரக்கடை வைத்திருக்கிற பாய் ஒருவர், தன் வீட்டு மாடி அறையைத் தியேட்டராக மாற்றித் தரச்சொன்னார். அதுவரை டிவி விற்று, ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு முழு ஹோம் தியேட்டர் என்று கிடைத்தது அதுதான் முதல் வேலை. எங்கள் ஃபிட்டர் செல்வமும் அவரும் சேர்ந்து அருமையாகப் போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் டிவிக்கு ஒன்று, டிவிடி பிளேயருக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கெல்லாம் சத்தம் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று, கேபிள் பெட்டிக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று என்று ரிமோட் அஞ்சு ஆகிவிட்டது.

பாயின் மனைவி நூர்ஜஹான் அக்கா ஒருநாள் அந்த அஞ்சையும் எவர்சில்வர் தட்டில் அடுக்கி, சீர்வரிசை கொண்டுவருகிற மாதிரி கடைக்கே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வருகிற நோன்புப் பெருநாளுக்கு, புதிதாகக் கல்யாணமான மகளின் மாமியார் வீட்டார் முதல் தடவையாக விருந்துக்கு வருகிறார்கள். நிக்காஹ் வீடியோவை மாடியில் போட்டுக் காட்டுவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. போடப்போவது அக்காதான். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரிமோட் வேண்டும் என்றார். "சம்பந்தியம்மா முன்னாடி நான் இந்தத் தட்டைத் தூக்கினு நிக்கணுமா, தங்கச்சி?"

ஈரக்கைப் பரீட்சை

அப்போது எங்களுக்குக் கிடைத்தது மூன்று வகை. ஒன்று பட்டன் வைத்தது. விலை குறைவு, ஆனால் தட்டையில் எள்ளு தூவின மாதிரி உடம்பெல்லாம் பட்டன். இன்னொன்று சின்ன டச் ஸ்கிரீன், அதைத் தொட ஒரு குச்சி. அந்தக் குச்சி முதல் நாளே சோபா இடுக்குக்குள் போய்விடும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது பெரிய டச் ஸ்கிரீன். கம்ப்யூட்டரில் இணைத்தால் நமக்கு வேண்டிய பட்டனை வேண்டிய அளவில் நாமே போட்டுக்கொள்ளலாம். விலையைச் சொன்னால் வாங்குகிறவர் உட்கார்ந்துவிடுவார்.

நான் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. கையை நனைத்துக்கொண்டு அமுக்கிப் பார்த்தேன். வடை தின்ற எண்ணெய்க் கையோடு அமுக்கினேன். சிங்கப்பெருமாள் கோவில் அம்மாவை நினைத்து, பிளாஸ்டிக் பைக்குள் போட்டும் அமுக்கினேன். கொஞ்சம் அழுத்தினால் போதும், எல்லாவற்றுக்கும் அந்தப் பெரிய ஸ்கிரீன் பதில் சொன்னது. 'படம் பார்க்க' என்று ஒரு பட்டன், 'எல்லாம் ஆஃப்' என்று ஒரு பட்டன். தமிழிலேயே எழுதி, கட்டைவிரல் அகலத்துக்குச் செல்வத்தைப் போடச்சொன்னேன். ஒரு தடவை தொட்டால் டிவி, பிளேயர், ஆம்ப்ளிஃபயர் மூன்றுக்கும் உத்தரவு போய்விடும். இவ்வளவு பார்த்தும் மனசு அடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் அதில் எண்ணெய் ஊற்றினார். "தப்பாப் போச்சுன்னா பாய் ரிமோட்டை மட்டும் திருப்பித் தரமாட்டாரு, தியேட்டரையே திருப்பித் தருவாரு, பாத்துக்க."

செல்வம் போனால் நல்லபிள்ளை

ரிமோட்டைச் சேலையூரில் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் காலையிலேயே அக்கா போன் செய்தார். 'படம் பார்க்க' தொட்டால் படம் வருகிறது, சத்தம் வரவில்லை. மறுபடி தொட்டால் வந்த படமும் போய்விடுகிறது. செல்வம் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். ஆம்ப்ளிஃபயர் பட்டனைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ரிமோட்டைத் தொட்டார். படம், சத்தம் இரண்டும் ஜம்மென்று வந்தன. டீ குடித்துவிட்டு வந்தார். அடுத்த நாள் காலை மறுபடியும் அதே போன், அதே கதை, அதே டீ.

"நான் போனா நல்லபிள்ளையாட்டம் வேலை செய்யுது, நான் வந்துட்டா ராங்கு காட்டுது, பேஜாரா கீதுக்கா" என்று செல்வம் தலையைச் சொறிந்தார். அக்கா ஏதோ தப்பாக அமுக்குகிறார் என்று என் வீட்டுக்காரர் முடிவு கட்டினார். எனக்கு அது சரியாகப் படவில்லை. தப்பாக அமுக்குவதற்கு அங்கே இருப்பதே இரண்டு பட்டன்தான். தேர்ந்தெடுத்தவள் நானாயிற்றே! அந்த வெள்ளிக்கிழமை பாய் கடைக்கே வந்துவிட்டார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பெருநாளுக்குள்ள சரி பண்ணுங்க, இல்லாங்காட்டி மொத்தத்தையும் கழட்டி எடுத்துனு போய்டுங்க, எனக்கு அந்த அஞ்சு ரிமோட் தட்டே தேவல."

மேடவாக்கத்து சார்

அதே ரிமோட்டை மேடவாக்கம் ஃப்ளாட்டில் இருக்கிற கம்ப்யூட்டர் கம்பெனி சார் ஒருவருக்கும் கொடுத்திருந்தேன். அதே பட்டன்கள், ஆம்ப்ளிஃபயர்கூட அதே மாடல். அவர் ஏதோ வயர் வாங்க வந்தார். இவரும் கழற்றி எடுத்துப் போகச்சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். "ரிமோட் எப்படி இருக்கு சார்?" என்று கேட்டுவிட்டு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

"சூப்பர் ஆன்ட்டி, என் பொண்ணுகூட யூஸ் பண்றா" என்றார். ஒரு நாள்கூடச் சத்தம் போகவில்லையா, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று குடைந்தேன். குறை இருக்கிறதா என்று இப்படி விரட்டி விரட்டிக் கேட்கிற கடைக்காரியை அவர் பார்த்திருக்க மாட்டார். கரண்ட் போனால்? இன்வர்ட்டர் இருக்கிறதாம். சரி, ராத்திரி படுக்கப்போகும்போது? சிரித்துவிட்டார். "ரிமோட்ல ஆஃப் பண்ணிட்டுப் படுத்துருவோம் ஆன்ட்டி, சுவத்துல இருக்கிற சுவிட்சை எல்லாம் யாரு எழுந்து போய் அணைக்கிறது?"

யார் எழுந்து போய் அணைப்பது

நான் அணைப்பேன். தினமும் டிவி, மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி என்று சுவரில் இருக்கிற எல்லா சுவிட்சையும் அணைத்து, கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்து, படுத்து, எழுந்து மறுபடி ஒரு தடவை பார்த்தால்தான் எனக்குக் கண் மூடும். இருபது வருஷமாக என் வீட்டுக்காரர் என்னை 'சுவிட்ச் இன்ஸ்பெக்டர்' என்று கேலி பண்ணுகிறார். சார் போனதும் கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து சேலையூர் போனேன்.

மாடியில் எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே பாங்கு சொன்னார்கள். அக்கா ரிமோட்டில் 'எல்லாம் ஆஃப்' தொட்டார். எழுந்தார். நேராகச் சுவருக்குப் போய் சுவிட்சை டப்பென்று அணைத்துவிட்டுத் தொழுகைக்குப் போனார். என் கூடப் பிறந்தவளைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. திரும்பி வந்ததும், "அக்கா, இப்ப சுவிட்சைப் போடுங்க, ரிமோட்டைத் தொடாதீங்க" என்றேன். போட்டார். டிவியும் பிளேயரும் பேசாமல் தூங்கின. ஆம்ப்ளிஃபயர் மட்டும், யாரும் கூப்பிடாமலே, நீல விளக்கைப் போட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது! அவ்வளவுதான் சங்கதி. ரிமோட் மூன்றுக்கும் ஒரே உத்தரவைத்தான் அனுப்புகிறது. தூங்குகிறவன் எழுந்துகொள்கிறான், முழித்திருக்கிறவன் படுத்துக்கொள்கிறான். இனிமேல் சுவிட்சை அணைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. ஏன் அணைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். "மாடியில சிவப்பா ஒரு லைட்டு எரியுதுன்னா எனக்குக் கீழ தூக்கம் வராது தங்கச்சி, உனக்கு வருமா?"

இரண்டு கேள்வி

வீட்டுக்காரி மாறமாட்டாள், ரிமோட்தான் மாறவேண்டும் என்று கடையில் வந்து சொன்னேன். பட்டன் ரிமோட்டாக இருந்திருந்தால் முடிந்திருக்காது. இது நாமே பட்டன் போடுகிற ஸ்கிரீன். 'படம் பார்க்க' பட்டனுக்குக் கீழே இன்னும் இரண்டு போடச்சொன்னேன். ஒன்றில் 'சத்தம் இல்லையா?', அதைத் தொட்டால் ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் உத்தரவு போகும். இன்னொன்றில் 'படம் இல்லையா?', அது டிவிக்கும் பிளேயருக்கும் மட்டும்.

ஆம்ப்ளிஃபயர், பவர் என்றெல்லாம் எழுதாமல் இது என்ன கேள்வி என்று செல்வம் கேட்டார். டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கு எந்தப் பெட்டி தூங்குகிறது என்று தெரியாது, சத்தம் இல்லை என்றுதான் தெரியும் என்றேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அடித்து முடித்துவிட்டு ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் செல்வம். "அக்கா, இது ரிமோட்டு இல்ல, பக்கத்து வூட்டம்மா ஜன்னல்ல நின்னு விசாரிக்கிற மாதிரி கீது."

பெருநாள்

எங்களையும் பிரியாணிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. மாடியில் சம்பந்தி வீட்டார் எல்லாரும் உட்கார்ந்தார்கள். சற்றுமுன் ஒரு தடவை போட்டுப் பார்த்து, ரிமோட்டில் மட்டும் அணைத்துவைத்திருந்த அக்கா மருதாணிக் கையால் தொட்டார். நிக்காஹ் வீடியோ படத்தோடும் சத்தத்தோடும் வந்தது. அப்பாடா என்று நான் சாய்ந்தேன். மாப்பிள்ளை கையெழுத்துப் போடுகிற இடம் வந்தது, கரண்ட் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. நீல விளக்கு தானாக எரிந்தது. அக்கா எழுந்து வருவதற்குள் தானே போட்டுவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, மாப்பிள்ளையின் அப்பா உதவியாக டச் ரிமோட்டை எடுத்து 'படம் பார்க்க' பட்டனைத் தொட்டுவிட்டார். படம் வந்தது. சத்தம் இல்லை. நூர்ஜஹான் அக்கா எழுந்து போனார். "குடுங்க சம்பந்தி, அது என்னாண்ட கேள்வி கேக்கும்" என்று வாங்கி, 'சத்தம் இல்லையா?' மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நாலு பக்கமும் சத்தம் அதிர்ந்து, மடியில் இருந்த குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன.

சம்பந்தியம்மா அந்த ஸ்கிரீனை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தார். இப்படித் தமிழில் கேட்கிற ரிமோட் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாய் வாசற்படியில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "வெளிநாட்லருந்து வந்துச்சு, நம்ம தாம்பரத்துத் தங்கச்சி அதுக்குக் குடித்தனம் பண்ணக் கத்துக்குடுத்துச்சு!"

இப்போதெல்லாம் பம்மல், குரோம்பேட்டையிலிருந்துகூட 'சத்தம் இல்லையா ரிமோட்' கேட்டு வருகிறார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் "எங்க சுவிட்ச் இன்ஸ்பெக்டர் சொன்னா வாங்கிக்கலாம்" என்று மார்தட்டுகிற என் வீட்டுக்காரர், படுக்கப்போகும்போது மட்டும் இன்றுவரை ஒரு சுவிட்சைக்கூட அணைத்ததில்லை.