உச்சிமாகாளியின் ஒற்றைப் பெட்டி

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த உச்சிமாகாளி, அங்கே சவாரி குறைந்ததும் ஐஸ் பெட்டி ஒன்று வாங்கித் தென்காசியில் வாடகைக்கு விட்டார். சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை இறந்தவரைக் கிடத்தி வைக்கும் கண்ணாடி மூடிய பெட்டி. வண்டி ஓட்டுவது, வயரை இழுத்து மாட்டுவது, திரும்பக் கழுவி வைப்பது எல்லாம் அவரே.

மார்க்கெட் சிநேகிதன் கடற்கரை ஒருமுறை கேட்டார். "அண்ணாச்சி, நானும் ஒரு பெட்டி போடுதேன். சேர்ந்து பாப்பமா?"

"வேண்டாம்டே. சாயங்காலமானா இன்னைக்கு எத்தனை சாவுன்னு நீ கேப்ப. ஒண்ணும் இல்லைன்னா ரெண்டு பேரு மொகமும் வாடும். அந்தப் பொழப்பு நமக்கு ஆவாது."

போன சாரல் சீசனின்போது குற்றாலத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இறந்துபோனார். டெல்லியில் இருந்த மகளால் மறுநாள் சாயங்காலம்தான் வர முடியும். காற்றில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததால், உச்சிமாகாளி ஜெனரேட்டரோடு அங்கேயே நின்றார். மத்தியானம் மனைவி இராமலட்சுமி போன் செய்தாள்.

"நெஞ்சு கரிக்குது. வாயுவாத்தான் இருக்கும்."

"நான் வந்திருதேன்."

"பெட்டிய ஆருகிட்ட விட்டுட்டு வருவீய? பக்கத்து வீட்டு ஷமீமக்கா இருக்காவல்லா, அவியளோட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திருதேன்."

ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்பே அவள் உயிர் போய்விட்டது.

செய்தி வந்ததும், வாத்தியாரின் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஜெனரேட்டரை ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்து ஓட்டிக் காட்டினார். இதை அவள் போன் செய்தபோதே செய்திருக்கலாமே என்று வழியெல்லாம் உச்சிமாகாளிக்கு மனசு அடித்துக்கொண்டது.

மகன் மணிமுத்து அசாமில் ராணுவத்தில் இருந்தான். வந்து சேர இரண்டு நாளாகும். புளியங்குடியில் கேட்டார்கள். அங்கிருந்த பெட்டி வேறொரு சாவு வீட்டுக்குப் போயிருந்தது.

"ஒம்ம பெட்டியப் போய் எடுத்துட்டு வாரும். சொந்த வீட்டுச் சாவுய்யா" என்றார் இராமலட்சுமியின் அண்ணன்.

உச்சிமாகாளி வண்டிவரை போனார். ஏறி உட்கார்ந்தார். பிறகு இறங்கிவிட்டார். "அந்தப் புள்ள டெல்லியில இருந்து கெளம்பியாச்சு. நான் எப்படி எடுப்பேன்?"

ஐஸ் கட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் காலைக்கு மேல் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. எடுத்துவிட்டார்கள்.

மணிமுத்து வந்தபோது வீடு கழுவியாகிவிட்டது. நடந்ததையெல்லாம் மாமா சொல்லக் கேட்டான். அப்பாவிடம் ஒன்றுதான் கேட்டான்.

"அந்தக்கா அவங்கப்பா மொகத்தப் பாத்துட்டாங்களா?"

"ஆமா, பாத்துட்டு."

"சரி."

காரியம் முடிந்ததும் அசாமுக்குக் கிளம்பிவிட்டான். இப்போது அவன் போன் செய்வது பக்கத்து வீட்டு ஷமீம் பானுவுக்குத்தான்.

"அண்ணாச்சி, தம்பி பேசுச்சு. அப்பா சாப்பிட்டாவளான்னு கேட்டுச்சு."

"என்ன சொன்னிய?"

"சாப்பிட்டாவன்னு சொன்னேன்."

"அது போதும்" என்றார் உச்சிமாகாளி. அன்று வீட்டில் அவர் அடுப்பே பற்றவைக்கவில்லை.