நாரின் வேனுக்கு மேலே ஒரு மின்னல்

சுயூன்பெக் என்ன வேலை பார்க்கிறார் என்று எங்கள் வேன் நிலையத்தில் நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வரும். டி.வி. ரிப்பேர்காரர் என்பார் ஒருவர், ஒலிபெருக்கிக்காரர் என்பார் இன்னொருவர், சும்மா வந்து டீ குடித்துவிட்டுப் போகிறவர் என்பார் டீக்கடைக்காரர். எல்லாமே உண்மைதான். பிஷ்கெக் நகரில் முதுகு புடைத்த பழைய டி.வி.க்கள் உயிரோடு இருந்தவரை அவற்றுக்கு வைத்தியம் பார்த்தார். டி.வி.க்கள் மெலிந்ததும் அவரும் மெலிந்துபோனார்.

இந்த நேரத்தில்தான் நிலையத் தலைவர் ஓஸ்மோன்குல் யாரையோ வழியனுப்ப விமான நிலையம் போய், அங்கே விமானங்களின் பெயர் ஓடும் திரையைப் பார்த்துவிட்டு வந்தார். போனவர் திரும்பி வந்தாரா தெரியாது. திரை மட்டும் அவர் மண்டைக்குள் வந்துவிட்டது.

"சுயூன்பெக், நமக்கும் அந்த மாதிரி ஒண்ணு வேணும்."

"பாய்கே," என்றார் சுயூன்பெக், அண்ணன் என்கிற மரியாதையோடு. "விமானம் நேரத்துக்குக் கிளம்பும். நம்ம வேன் ஆள் நிரம்பினாத்தானே கிளம்பும்? நேரம்னு எதைப் போடறது?"

தலைவர் யோசித்தார். "ஊர் பேரை மட்டும் போடு. மத்ததை ஜனங்க பார்த்துக்குவாங்க."

திரையாக ஒரு டி.வி. இருந்தால் சரி, அதை ஓட்டப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டாம், சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகை போதும் என்று யாரோ சொல்லி, அதை வாங்கியும் கொடுத்தார்கள். சுயூன்பெக் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சூடாகும் குழாய் இல்லை, திருகும் குமிழ் இல்லை, அடித்தால் சரியாகும் பக்கமும் இல்லை. போனில் ரஷ்ய மொழி வீடியோ ஒன்றைப் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மெமரி கார்டில் எதை எதையோ ஏற்றினார். முதலில் படம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. ஊர்ப்பெயரைப் படிக்க ஓட்டுநர்கள் எல்லாரும் காதைத் தோளில் சாய்த்து நின்றார்கள். அதை நிமிர்த்தினால், கொஞ்ச நேரத்தில் திரை தானாகத் தூங்கிப்போனது. தூங்காமல் இருக்க வழி கண்டுபிடித்தார். ஒரு வழியாகக் கறுப்புப் பின்னணியில் ஊர்ப்பெயர்கள் வரிசையாக எரிந்தன. எந்த வரியையும் தன் போனிலிருந்தே மாற்றலாம். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு காரியங்களை மட்டும் அவர் வீடியோவைக் கேட்காமல், எங்கள் ஊர் வழக்கப்படி செய்தார்.

ஒன்று, மின்சாரம். பலகைக்கென்று தனி சார்ஜர் வேண்டும் என்று வீடியோக்காரன் கத்தியிருக்கிறான். சுயூன்பெக்குக்கு அது அநாகரிகமாகப் பட்டது. டி.வி. வீட்டுக்காரர், பலகை அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்த விருந்தாளி. விருந்தாளி தன் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டு வருவானா? டி.வி.யின் பின்னாலேயே ஒரு யூ.எஸ்.பி. துளை இருந்தது. அதில் ஒயரைச் செருகிவிட்டார். வீட்டுக்காரரின் கைதான் கொஞ்சம் சுருக்கம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு, வரிசை. மேல் வரியில் நாரின் என்று போட்டார். நாரின் அவர் மகள் பெர்மெட்டைக் கட்டிக்கொடுத்த ஊர். சம்பந்தியை வாசலோரம் உட்காரவைக்கிற ஜாதி அல்ல நாங்கள். திரையானாலும் அவருக்கு மேலிடம்தான். அதிலும் அன்று விசேஷம். அன்று சாயங்காலம் நாரினில் சம்பந்தி வீட்டில் ஆட்டின் வால் கொழுப்பும் ஈரலும் ஊட்டுகிற சடங்கு. இரண்டு தகப்பன்மாரும் ஒருவர் கையால் ஒருவர் தின்றால்தான் உறவு கெட்டியாகும். மனைவி முதல் நாளே போய்விட்டாள். திரையைப் போட்டுவிட்டு காலை வேனில் ஏறிவிடுவது என்று சுயூன்பெக்கின் ஏற்பாடு. பெண்ணின் தகப்பன் வராமல் போனால் அந்தக் கொழுப்பை எதிர்வீட்டு நாய்கூட மரியாதையோடு தின்னாது.

திரை எரிந்தது. தலைவர் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். அப்போது மேல் மூலையில், நாரின் என்ற பெயருக்கு நேரே, மஞ்சளாக ஒரு மின்னல் முளைத்தது.

பசித்த பலகை "எனக்குக் கரண்ட் போதவில்லை" என்று முனகுகிற அடையாளம் அது. அதற்கு நாரினும் தெரியாது, சம்பந்தியும் தெரியாது. ஆனால் நாரின் போகிற பாதையில் தோலோன் கணவாய் இருக்கிறது. தோலோனில் மின்னல் என்றால் என்ன என்று நிலையத்தில் நின்ற எல்லாருக்கும் தெரியும்.

நாரின் வேன் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. கோழிக்குஞ்சுப் பெட்டியை மடியில் வைத்திருந்த எல்லாருக்கும் அக்காவான உம்சுன் எஜே முதலில் இறங்கினாள்.

"எங்க எஜே இறங்கறீங்க?" என்றான் ஓட்டுநர் ஷெய்ஷெனாலி.

"மேல பாரு. தோலோன்ல இடி இறங்குதாம். என் குஞ்சுங்க பயந்து செத்துடும்."

"வானம் பளிச்சுனு இருக்கே!"

"இங்க பளிச்சுனுதான் இருக்கும். அங்க இல்லைன்னுதானே படம் போட்டுச் சொல்றாங்க? அரசாங்கம் சும்மாவா கரண்ட் செலவு பண்ணும்?"

அவள் பின்னால் இன்னும் மூன்று பேர் இறங்கினார்கள். ஏறலாமா என்று நின்றவர்கள் சூரியகாந்தி விதை கொறிக்கப் போனார்கள். ஷெய்ஷெனாலி நேரே சுயூன்பெக்கிடம் வந்தான்.

"பாய்கே, என் வண்டிக்கு மேல எதுக்கு இடியைப் போட்டீங்க?"

"நான் போடலடா. அதுவா வந்துச்சு."

"அதுவா வந்துச்சுன்னா நிஜ இடிதானே?"

சுயூன்பெக் போனில் உள்ள பக்கத்தைத் திறந்து மின்னலை அழிக்கப் பார்த்தார். அங்கே ஊர்ப்பெயர்கள் இருந்தன, மின்னல் இல்லை. இல்லாததை எப்படி அழிப்பது? நாரினிலிருந்த மனைவியைக் கூப்பிட்டு ஒலிபெருக்கி வழியாகவே பேசவைத்தார்.

"இங்க நல்ல வெயில்," என்றது மனைவியின் குரல், நிலையம் முழுக்க. "ஆடு வெந்துட்டிருக்கு. சம்பந்தி வாசலையே பார்த்துட்டு உக்காந்திருக்கார். நீங்க அங்க நின்னுக்கிட்டு என்னத்த மேகம் எண்ணிட்டிருக்கீங்க?"

"கேட்டீங்களா? வெயிலாம்!" என்றார் சுயூன்பெக்.

"இப்ப வெயில்," என்றாள் உம்சுன் எஜே. "படத்துல இருக்கறது இனிமே வரப்போறது. அதுக்குத்தானே மெஷினு? இப்ப இருக்கறதைச் சொல்ல உங்க வீட்டுக்காரி போதுமே."

இதில் ஒரு நியாயம் இருப்பதாக சுயூன்பெக்குக்கே பட்டது. ஒருவேளை பலகைக்கு நிஜமாகவே தெரிகிறதோ? வீடியோவில் எங்கேயோ வானிலை என்று ஒரு சொல் வந்த ஞாபகம். வேறு வீடியோவிலா? தலை சுற்றியது. பேசாமல் டி.வி.யின் ஸ்விட்சை அணைத்தார்.

எல்லாரும் திரும்பிக் கறுத்த திரையைப் பார்த்தார்கள்.

"போச்சு," என்றார் யாரோ. "மலையில கம்பம் விழுந்துருச்சு. இங்க வரைக்கும் கரண்ட் போயிடுச்சு பாருங்க."

வேனிலிருந்து கடைசி ஆளும் இறங்கினார். சுயூன்பெக் பதறிப்போய் மறுபடி ஸ்விட்சைப் போட்டார். பலகை நிதானமாகக் கண்விழித்து, நாரின் என்று எழுதி, பக்கத்தில் மின்னலையும் மறக்காமல் வைத்தது.

"பாய்கே," என்றான் ஷெய்ஷெனாலி, குரலைத் தாழ்த்தி. "நாரினைக் கீழ தள்ளுங்க. மேல டோக்மோக்கைப் போடுங்க. அங்க மலையும் இல்ல, மண்ணும் இல்ல. இடி விழுந்தா நனைஞ்சுட்டுப் போறாங்க."

"டோக்மோக்காரன் என்னை உரிச்சுடுவான். அதைவிட, என் சம்பந்தி ஊரைக் கீழ தள்ளச் சொல்றியா? இங்க நிக்கறதுல பாதி பேரு நாரின்காரங்க. நான் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி சேதி போய்ச் சேர்ந்துடும். பொண்ணைக் கொடுத்தான், ஊரைக் கீழ தள்ளினான்னு."

"அப்ப இங்கயே உக்காந்து உங்க மின்னலைத் தின்னுங்க. ஆள் இல்லாம நான் வண்டிய எடுக்க மாட்டேன்."

நாரினை இறக்க முடியாது. மின்னலை நகர்த்த முடியாது. அப்படியானால் நாரினுக்கு மேலே வேறு எதையாவது வைக்க வேண்டும். எங்கள் நிலையத்தில் நாரினுக்கு மேலே உட்காரத் தகுதி உள்ளது எது? சுயூன்பெக் சுற்றிப் பார்த்தார். ஓஸ்மோன்குல் டீக்கடையிலிருந்து மீசையைத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

சுயூன்பெக் போனில் தட்டினார். நாரின் ஒரு படி இறங்கியது. அதற்கு மேலே "நிலையத் தலைவர் ஓஸ்மோன்குல்" என்று பெரிதாக வந்து, பெயருக்கு நேரே மின்னல் நின்றது.

தலைவர் திரையைப் பார்த்தார். தலையை இடது பக்கம் சாய்த்துப் பார்த்தார், வலது பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"இந்த மின்னல் என்ன?"

"அது... அது வந்து, பாய்கே..."

"எனக்கு மட்டும்தான் இருக்கா?"

"உங்களுக்கு மட்டும்தான்."

தலைவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். "நல்லா இருக்கு. எவனும் இதைத் தொடக் கூடாது."

உம்சுன் எஜே கோழிக்குஞ்சுப் பெட்டியோடு திரும்ப வந்து ஏறினாள். "தோலோன்ல விட்டுடுச்சு," என்று எல்லாருக்கும் அறிவித்தாள். "இடி இப்ப இவர் தலைக்கு மாறிடுச்சு. ஆண்டவன் இருக்கான்." வேன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிரம்பியது. சுயூன்பெக்குக்கு இடம் கிடைத்தது, பின்சீட்டில், ஒரு மாவு மூட்டையின் மேல்.

வழியெல்லாம் அவர் ஜன்னலில் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கணவாயில் ஒரு மேகம்கூட இல்லை. அது அவருக்கு ஆறுதலாக இருந்ததா, அவமானமாக இருந்ததா என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. ஷெய்ஷெனாலியோ நிறுத்திய இடத்திலெல்லாம் இறங்கி, பிஷ்கெக்கில் ஒருவர் இடியை ஒரு தலையிலிருந்து எடுத்து இன்னொரு தலையில் வைக்கிறார் என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

வெயில் சாயும் நேரத்துக்கு நாரின் வந்தது. சம்பந்தி வாசலில் நின்று கட்டிக்கொண்டார். உள்ளே அழைத்துப் போய் வாசலுக்கு எதிரே, மேலிடத்தில் உட்காரவைத்தார்கள். வால் கொழுப்பும் ஈரலும் தட்டில் வந்தன. சம்பந்தி ஒரு பெரிய துண்டை எடுத்து சுயூன்பெக்கின் வாயில் திணித்தார். சுயூன்பெக்கும் திணித்தார். பெண்கள் கைதட்டினார்கள், பெர்மெட் அழுதாள், உறவு கெட்டியாயிற்று.

கன்னம் இரண்டும் புடைத்து அவர் மென்றுகொண்டிருக்கும்போது சம்பந்தி காதோரம் குனிந்தார்.

"சம்பந்தி, டிரைவர் சொன்னான். நீங்க இவ்வளவு பெரிய ஆளுன்னு பொண்ணு கேட்கும்போதே சொல்லியிருக்கலாம். நாளைக்குப் புல் அறுக்கலாமா? மழை கிழை உண்டா?"

சுயூன்பெக் பதில் சொல்லப் பார்த்தார். வாய் முழுக்கக் கொழுப்பு. துப்பினால் உறவு போய்விடும். தலையை ஆட்டினார். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று பார்த்தவர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

சம்பந்தி உடனே அரிவாள்களைத் தீட்டச் சொன்னார். சம்பந்தியின் தம்பி, அறுத்துப் போட்ட புல்லையெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லி ஆள் அனுப்பினார்.