இரண்டாவது ஊசி

டொக்டர் சபாபதி இறந்த செய்தியைத் திருநெல்வேலிச் சந்தைச் சுவரில் ஒட்டிய நோட்டீசில்தான் கண்டேன். 'கருணைக் கடல் வற்றியது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். என்னைப்போல அவருக்குக் கீழே டொக்டராக வேலை பழகி ஏச்சு வாங்கிய உங்களுக்கும் சிரிப்பு வந்திருக்கும்.

நோயாளியின் கையைத் தடவி ஆறுதல் சொன்ன மனிதரில்லை அவர். குருதியில் ஸ்டெபிலோகொக்கஸ் கிருமி பரவியவருக்குக் குளொக்சசிலின் ஒன்றே போதும் என்பார். அளவும் வேளையும் தவறக்கூடாது, அவ்வளவுதான். அதோடு, கிட்னியைக் கெடுக்கக்கூடிய ஜென்டாமைசினும் சேர்த்து எழுதுகிற மேதாவிகள் இங்கே நிறைய. "கறிக்கு உப்புக் காணாதெண்டு சீனி போடுறவங்கள்" என்று அவர்களைச் சொல்வார்.

அச்சுவேலியிலிருந்து ஒரு வெங்காயத் தோட்டக்காரர் வந்தார். மண்வெட்டி பட்ட காயத்தால் கிருமி குருதியில் ஏறியிருந்தது. காய்ச்சல் விடவில்லை. ஒற்றை மருந்தோடு கிடத்தியிருக்கிறார்கள் என்று உறவினர் முணுமுணுத்தார்கள். தமையனின் செத்தவீட்டுக்குப் போன டொக்டர் ஒரு கிழமை வரவில்லை. அப்போது நோயாளியின் மருமகன் கிளாலிக் கடலில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே படகேறி, ஜென்டாமைசின் குப்பிகளை இடுப்புச் சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்தான். உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த மருந்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போட்டேன். நோயாளிக்குச் சலம் போவது குறைகிறது என்று தாதி சொன்னதையும் காதில் போடவில்லை. படித்த முட்டாளுக்குத் தாதி சொல்வது எங்கே கேட்கும்?

காய்ச்சல் விட்டது, அது குளொக்சசிலினாலேயே விட்டிருக்கும். சலம் நின்றுவிட்டது. குருதியைச் சுத்திகரிக்கும் இயந்திரம் கொழும்பில் இருந்தது, போரால் பாதை பூட்டியிருந்தது.

திரும்பி வந்த டொக்டர் குறிப்பை வாசித்துவிட்டு, எல்லோர் முன்னாலும் கேட்டார்: "பயம் உமக்கு. பனடோலைப் போட்டிட்டு நீர் படுத்திருக்கலாம். அந்த மனிசனுக்கு ஏன் ஊசி போட்டனீர்?"

பிறகு குடும்பத்தாரிடம் அவரே போனார்.

"ஆஸ்பத்திரி மருந்துதான் கிட்னியைக் கெடுத்துப்போட்டுது. நீங்கள் கொண்டுவந்ததில ஒரு பிழையும் இல்லை. பிழை என்ரை."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மருமகன் அவரைத் தூசணத்தால் ஏசினான். அவர் அத்தனையையும் வாங்கிக்கொண்டார். பின்னால் நான் நின்றேன், வாய் திறக்காமல். சில நாளில் தோட்டக்காரர் இறந்தார்.

அந்த மருமகனும் பிறகு அதே கடலில் போய்விட்டான். இனிக் கேட்க ஆளில்லை என்ற துணிவில்தான் இதை எழுதுகிறேன். என் வீரம் அவ்வளவுதான்.

டொக்டர் கடைசிவரை என்னை மன்னிக்கவில்லை. கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த இகழ்ச்சி ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இன்றுவரை நான் ஒரு மருந்தும் எழுதியதில்லை.