டொரத்தி அடுப்பில் கடைசி ஜாம்

ஜொகூர் மாநிலத்திலேயே, தண்ணீரில் ஊறிப்போன ரப்பர் விறகை ஒரே தீக்குச்சியில் பற்றவைத்து, கொசு தும்மும் அளவுக்குக்கூடப் புகை இல்லாமல், ஒரு மூட்டை அன்னாசிக்கு ஜாம் கிண்டி முடித்த ஆள் ஒருவர்தான் உண்டு. பெயர் அமலநாதன். அதுவும் எப்போது? பெக்கான் நானாஸ் ரோட்டில் கார் ஓடுகிற இடத்தில் மீன் ஓடிய போன டிசம்பர் மழையில்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். முதலில் சிரித்தவர் பக்கத்து வீட்டு ராஜசேகரன். பொம்பாவில், அதுதான் தீயணைப்புப் படையில், தலை நரைக்கும்வரை வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நெருப்பைப் பற்றி அவரிடம் யாரும் கதை விட முடியாது.

ஆனால் இது கதை இல்லை. நடந்தது. மற்ற விஷயங்களில் அமலநாதன் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்தான், ஊருக்கே தெரியும். அவர் என்றைக்கோ பிடித்த விரால் மீன் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஒரு அடி வளரும். இந்த ஒன்றில் மட்டும் அவர் எதையும் கூட்டுவதில்லை. சொல்லும்போது சில இடங்களில் நிறுத்திவிடுகிறார். அவ்வளவுதான்.

அவர் மனைவி டொரத்தி இருந்தவரை பெக்கான் நானாஸ் வீட்டின் பின்கட்டு அறையில் புகைபோக்கி வைத்த ஒரு செங்கல் அடுப்பு எரிந்தது. கேஸ் அடுப்பு உள்ளே பளபளவென்று நிற்கும். கிறிஸ்மஸ் தார்ட் பலகாரத்துக்கான அன்னாசி ஜாம் மட்டும் இந்த விறகடுப்பில்தான் கிண்டுவாள். டொரத்தி நாலு கட்டை விறகை வைத்து ஒரு கல்யாணத்துக்கே சமைப்பாள். அமலநாதன் ஒரு லாரி விறகை வைத்தாலும் ஒரு முட்டை வேகாது. புகை மட்டும் சிங்கப்பூர் வரை போகும்.

"அடுப்பு வாயில இப்படித் திணிச்சா அது எப்படிங்க மூச்சு விடும்? நீங்க சாப்பிடறப்ப யாராவது மூக்கைப் பொத்தினா சும்மா இருப்பீங்களா?" என்பாள்.

அவள் முறை வேறு. தடித்த கட்டைகளை அடியில், நடுவில் ஒரு கை போகும் இடைவெளி விட்டு வைப்பாள். மேலே குறுக்கே சுள்ளி. அதற்கும் மேலே தேங்காய் நார். தீயை உச்சியில்தான் வைப்பாள். தீ மேலிருந்து கீழே இறங்கி வரும்போது புகையையும் சேர்த்துத் தின்றுவிடும். பற்றவைக்கும் முன் சாம்பலைத் தொட்டு அடுப்பு வாயில் ஒரு சின்னச் சிலுவை போடுவாள். சர்க்கரை சேர்த்ததும் தடித்த கட்டையை வெளியே இழுத்து, நுனியைச் சாம்பலில் குத்தி அணைத்து, அடுத்த நாளைக்கு எடுத்து வைப்பாள்.

அப்புறம் ஜன்னல். அடுப்பு எரிகிறவரை பின்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சாரல் அடிக்கிறது என்று இவர் மூடுவார். அவள் திறப்பாள். இவர் மூடுவார். கல்யாணம் ஆன வருஷத்தில் தொடங்கிய சண்டை, போன ஈஸ்டருக்கு முன் அவள் மாரடைப்பில் போனபோதுதான் முடிந்தது.

முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார்.

அடக்கம் முடிந்த கையோடு மகள் எலைன் அவரைப் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். சாவியை ராஜசேகரனிடம் கொடுத்து, "அங்கிள், வீட்டைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றாள். வீட்டை விலை பேசி முடித்தாயிற்று. புது வருஷம் பிறந்ததும் வாங்கியவர் வந்து பின்கட்டை இடித்து கார் நிறுத்த இடம் போடுவதாக ஏற்பாடு.

டிசம்பரில் எலைன் கேஸ் அடுப்பில் ஜாம் கிண்டினாள். ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நல்ல ஜாம்தான். டொரத்தி அதில் இல்லை.

மறுநாள் அமலநாதன் பொந்தியானில் ஒரு நண்பரைப் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். அடுப்பை இடிக்கும் முன் அதில் கடைசியாக ஒரு தடவை ஜாம் கிண்ட வேண்டும். அதுதான் சாக்கு. உண்மை வேறு. அவள் எங்கேயாவது இருந்தால் அந்த அடுப்படியில்தான் இருப்பாள். ஒரே ஒரு தடவை அவள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

ரோட்டோரக் கடையில் அன்னாசி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பட்டப் பகல். ஆனால் மழை இருட்டில் கோழிகள் எல்லாம் அடையப் போய்விட்டன. ராஜசேகரன் வீடு பூட்டியிருந்தது. பேரனைப் பார்க்க பத்து பாகாட் டவுனுக்குப் போயிருந்தார். அமலநாதன் தன்னிடம் இருந்த இன்னொரு சாவியால் கதவைத் திறந்தார். கரண்ட் இல்லை. விறகுக் கொட்டகையின் தகரம் பறந்துபோய், விறகெல்லாம் நனைந்து, பிழிந்தால் குடம் நிறையும் போல இருந்தது.

சாரல் உள்ளே வந்தது. ஊறிப்போய் இறுகியிருந்த பின்கதவைக் காலால் உதைத்துச் சாத்தினார். ஜன்னல் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

வழக்கம் போல விறகை அடுப்புக்குள் திணித்தார். அப்புறம் முன்னறையில் உட்கார்ந்து அன்னாசி நறுக்கினார். நறுக்கி, குவாலி என்கிற பெரிய வாணலி நிறைய அள்ளிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார்.

அடுப்பைப் பார்த்தார்.

அடியில் தடித்த கட்டைகள். நடுவில் இடைவெளி. குறுக்கே சுள்ளி. மேலே தேங்காய் நார்.

நாமே வைத்திருப்போம், வயதாகிவிட்டது... என்று நினைத்துக்கொண்டார். நார் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை.

குனிந்தார். அடுப்பு வாயில் சாம்பலில் ஒரு சின்னச் சிலுவை. பழசாக இருக்கும்... ஆனால் எட்டு மாதத் தூசி அதன்மேல் இல்லை.

தீக்குச்சியைக் கிழித்தார். ஒரே குச்சி. நார் பிடித்தது. சுள்ளி பிடித்தது. ஈர விறகு சீறவே இல்லை. தீ உச்சியிலிருந்து மெதுவாக, படி இறங்குவது போல, கீழே இறங்கியது. புகை இல்லை.

அமலநாதனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா டொரத்தி. லாரி விறகு, லாரி விறகுன்னு சொல்லுவியே. இப்ப வந்து பாரு" என்று வாய்விட்டுச் சொன்னார்.

சொன்னதும்தான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிந்தது.

குவாலியை அடுப்பில் ஏற்றிவிட்டு, டொரத்தியின் கட்டை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துடுப்பைப் பிடித்துக் கிண்டினார். அன்னாசித் தண்ணீர் வற்றி, பட்டையும் கிராம்பும் மணத்தன. கழுத்தில் சில்லென்று ஏதோ பட்டது.

திரும்பினார். ஜன்னல் திறந்திருந்தது.

காற்று, என்றார் தனக்குள். எழுந்து மூடினார். கொக்கியைப் போட்டார். உட்கார்ந்தார்.

டக்.

கொக்கி கழன்ற சத்தம். மறுபடியும் சாரல்.

எழுந்து மூடினார். இந்தத் தடவை அம்மிக் குழவியைத் தூக்கி அதற்கு எதிரே முட்டுக் கொடுத்தார். "அலமாக், என்ன காத்துலா இது" என்று முணுமுணுத்தார். குரல் அவருடையது போல இல்லை.

சர்க்கரையைக் கொட்டினார். தீ போதாது என்று தோன்றியது. இன்னொரு கட்டையை உள்ளே தள்ளினார். துடுப்பை எடுக்கத் திரும்பினார்.

பார்த்தால், கட்டை வெளியே கிடந்தது. நுனி சாம்பலில் குத்தி அணைக்கப்பட்டிருந்தது.

அதை மறுபடி உள்ளே தள்ள அவர் துணியவில்லை.

பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கான அசர் பாங்கு கேட்டது. மழைக்குள் எங்கேயோ தூரத்தில்... கிணற்றுக்கு அடியிலிருந்து வருவது போல. தலை கனத்தது. மழைக் குளிருக்கு அடுப்புச் சூடு இதமாக இருக்கிறது, அதனால்தான் தூக்கம் என்று நினைத்தார். துடுப்பு கையிலிருந்து நழுவியது. சுவரில் சாய்ந்தார்.

பக்கத்தில் ஒரு வாசம். அன்னாசி இல்லை. அவள் தலையில் தேய்க்கும் எண்ணெய்.

பயம் போய்விட்டது. அழுகை வந்தது.

"வந்துட்டியா" என்றார்.

முக்காலியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"அங்க எலைன் நல்லாத்தான் பாத்துக்கிறா. ஆனா யாருமே என்னைத் திட்ட மாட்டேங்கிறாங்க, டொரத்தி. என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிடு."

கண் மூடிக்கொண்டது. இப்படியே போய்விட்டால் எவ்வளவு நல்லது...

டக்.

குழவி உருண்டது.

ஜன்னல் சுவரில் படாரென்று மோதியது.

உஸ்ஸ்ஸ்...

தண்ணீர் தெளிக்காமலே தீ அடங்கியது. விறகெல்லாம் வெளியே. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. நுனியெல்லாம் சாம்பலில்.

பின்கதவு திறந்தது.

யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். அன்பாக இல்லை. கோபமாக. கல்யாணம் ஆனதிலிருந்து பழகிய கோபம்.

தவழ்ந்து வெளியே வந்து படிக்கட்டில் மழையில் விழுந்தார்.

எவ்வளவு நேரம் கிடந்தார் என்று அவருக்குத் தெரியாது. மழை தூறலானபோது ராஜசேகரன் கார் வந்து நின்றது. குடையைக்கூட எடுக்காமல் ஓடி வந்தார்.

"யோவ் நாதா. என்னய்யா இது, எருமை மாதிரி மழையில கிடக்குற?"

அமலநாதன் எல்லாவற்றையும் சொன்னார். ஈர விறகு, சிலுவை, ஜன்னல், முதுகில் பட்ட கை. ராஜசேகரன் அவரைத் தூக்கி உட்காரவைத்துத் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார்.

"உன் விரால் மீனையே நான் நம்பினதில்ல. இதை நம்பணுமா? ஈரக் கட்டை, ஒரே குச்சி, புகையே இல்ல. நான் எத்தனை நெருப்பைப் பாத்தவன். கதை விடாதலா."

"உள்ள போய்ப் பாரு. ஜாம் இருக்கு."

ராஜசேகரன் கதவில் நின்று எட்டிப் பார்த்தார். குவாலி அடுப்பில் இல்லை. தரையில், மடித்த சாக்கின்மேல் இருந்தது. கொதிக்கக் கொதிக்க அதை இறக்க இரண்டு ஆள் வேண்டும். ஜாம் பொன்னிறமாக, பக்குவமாக, அடி பிடிக்காமல் ஆறிக்கொண்டிருந்தது.

துவட்டிக்கொண்டிருந்த துண்டு அவர் கையில் அப்படியே நின்றது.

"நெசமாவே இந்த அடுப்பையா பத்தவச்ச?"

"வேற எதை?"

ராஜசேகரன் முற்றத்தில் இறங்கிக் கூரையைப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை.

"புகைபோக்கி வழியா வௌவால் உள்ள வருதுன்னு ஈஸ்டர் முடிஞ்சதும் நான்தான்யா மேல தகரம் வச்சு சிமெண்டு பூசி அடைச்சேன். இனிமே யாரு இதை எரிக்கப் போறான்னு நினைச்சேன். உன்கிட்ட சொல்லல. இன்னும் அப்படியேதான் இருக்கு." "மேல அடைச்சா கீழ எரியவே எரியாது. எரிஞ்சாலும்... புகை தெரியாத நெருப்போட விஷவாயுதான் ஆளைக் கொல்லும். தூங்குற மாதிரியே கொன்னுடும். கதவைச் சாத்திக்கிட்டு இந்த ரூம்ல உக்காந்திருந்த நீ இப்ப பொணமா இருக்கணும்."

"ஜன்னல் திறந்துக்கிட்டே இருந்துச்சே" என்றார் அமலநாதன்.

"எந்த ஜன்னல்?"

"பின்னால இருக்கே, அது."

ராஜசேகரன் சட்டென்று திரும்பினார். மூலையைச் சுற்றி அந்த ஜன்னலுக்கு வெளிப்பக்கம் போனார். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். துருப்பிடித்த நீள ஆணிகள். ஒன்றுகூட வளையவில்லை. ஜன்னல் விளிம்பில் வரிசையாக எடுத்து வைத்தாற்போல இருந்தனவாம். திருடன் வரக்கூடாது என்று வெளியிலிருந்து அவரே அந்த ஜன்னலைச் சேர்த்து அடித்தவை.

அமலநாதன் ஆணிகளைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பயமெல்லாம் இல்ல சேகரு. வர்றேன்னு சொன்னேன். அவதான் வேண்டாம்னுட்டா. பிடிச்சு வெளிய தள்ளிட்டா." முகத்தைப் பொத்திக்கொண்டார். "காத்துதான் அதுன்னு நீயாவது சொல்லேன்."

இந்த இடத்தில் ராஜசேகரன் வழக்கமாக ஏதாவது கிண்டல் செய்வார். அன்றைக்குச் செய்யவில்லை. ஈரப் படியில் நண்பர் பக்கத்தில் உட்கார்ந்தார். திறந்து கிடந்த ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"காத்து இல்ல நாதா" என்றார். "நடந்திருக்கு. நான் அடிச்ச ஆணி எனக்குத் தெரியாதா."