கோலுக்கு ஒரு மீன் கொடுத்த எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா போய்விட்டாள்.

இன்று விடியற்காலையில், தூக்கத்திலேயே. காசிமேட்டுக்கு ஏலம் எடுக்கப் போகலாம் என்று எப்போதும்போல கூப்பிட்டேன். போனை அவள் மகன் எடுத்தான்... அப்புறம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

திருவொற்றியூர் மார்க்கெட்டில் அவள் மீன் கூடை, பக்கத்தில் என் இறால் கூடை. என் பெண் வயிற்றில் இருந்த காலத்திலிருந்து அப்படித்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்காவுக்கு ஃபுட்பால் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை நம்ம குப்பத்து கிளப் மேட்ச் என்றால், கோல் போஸ்டுக்குப் பின்னால் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். நானும் கூடவே.

நம்ம ஆள் கோல் போட்டால் திங்கட்கிழமை அவனுக்கு அக்கா கூடையிலிருந்து ஒரு மீன். கேட்க வேண்டாம். வந்து நின்றால் போதும்.

ஒரு தடவை ஜான்சன் பந்தை நம்ம கோலுக்குள்ளேயே தள்ளிவிட்டான். மறுநாள் வெட்கமே இல்லாமல் வந்து நின்றான். "யக்கா, நானும் கோலு போட்டேன்ல?"

அக்கா தேடித் தேடி ஒரே ஒரு நெத்திலியை எடுத்து அவன் கையில் வைத்தாள். "எட்துகினு போ நைனா. வூட்ல எல்லாரும் வயிறார துன்னுங்க."

அதிகமாக மீன் வாங்கியவன் எங்கள் ஸ்ட்ரைக்கர் கிளமெண்ட்தான். அவன் வீட்டில் திங்கட்கிழமை என்றாலே மீன் குழம்பு.

போன வருஷம் பெங்களூரில் ஒரு பெரிய கிளப் அவனைக் கேட்டது. பணம் தருகிறோம், ஆளை விடுங்கள் என்று. நம்ம கிளப் கையெழுத்துப் போட்டால்தான் அவன் போகமுடியும். கமிட்டி இதோ அதோ என்று இழுத்தது.

அதிலிருந்து அவன் பழைய கிளமெண்ட் இல்லை. பந்து காலுக்கு வந்தாலும் பார்த்துக்கொண்டே நிற்பான்...

மார்க்கெட் முழுக்க இதே பேச்சு. மீன் வெட்டுகிற பாபு சொன்னான்: "வித்துடு மாமே. அந்தக் காசுல கிரவுண்டுக்கு லைட்டு போட்லாம்."

ஐஸ் வண்டிக்காரர் விடவில்லை. "லைட்ட போட்டு? இருட்டுல தோக்கறத வெளிச்சத்துல தோக்கவா?"

எல்லோரையும்விட அக்காதான் சத்தம். "எவனாவது அவன வித்தான்னா, மீனு வேணும்னு என்கிட்ட வந்துடக்கூடாது, சொல்ட்டேன்." நானும் அக்கா கட்சிதான்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள் மேட்ச் டிரா, கிளமெண்ட் கோல் போடவில்லை. பிள்ளை வாடிப்போய்விட்டான் என்று அக்கா ஒரு பெரிய சங்கரா மீனை அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் அவனே அதைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"போடாத கோலுக்கு இன்னாத்துக்குக்கா மீனு? ஆடணும்னுதான் எறங்கறேன்... காலு வரமாட்டேங்குதுக்கா."

மீனைக் கூடையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அக்கா அந்த மீனை விற்கவில்லை.

அடுத்த ஞாயிறு மேட்ச் முடிந்ததும் கிரவுண்டிலேயே கூட்டம். விற்கலாமா, கூடாதா என்று ஒரே கத்தல். பேசியதெல்லாம் ஆம்பளைகள். அக்கா ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்றாள்.

"அவன வுட்ருங்கப்பா."

"யக்கா! நேத்து வரைக்கும் வுடாத வுடாதன்னு கத்தினது நீதான?" என்று பாபு கேட்டான்.

"கத்துனேன். இல்லன்னா சொன்னேன்? என் கூடைலர்ந்து போன மீனு திரும்பி வந்ததே இல்ல. அது வந்துச்சு. அந்தப் புள்ள மனசு இங்க இல்ல நைனா. புட்ச்சி வெச்சிகினு இன்னா பண்ணப்போற?"

அந்த வாரமே கையெழுத்துப் போட்டார்கள்.

எனக்குக் கோபமான கோபம். கட்சி மாறிவிட்டாளே! அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். பக்கத்துப் பக்கத்துக் கூடை, பேச்சு மட்டும் கிடையாது.

அவளுக்குச் சில்லறை வேண்டுமென்றால் மீன் வாங்க வந்தவரிடம் சொல்வாள். "அந்தம்மாகிட்ட சில்ற கீதான்னு கேளுங்க சார்."

"இல்லன்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்க சார்." இது நான்.

அந்த சார்தான் முதலில் சிரித்தார். அப்புறம் அக்கா. அப்புறம் நான்.

ஆனால் இன்றைக்கும் சொல்கிறேன், அவனை விட்டிருக்கக்கூடாது. அவன் போன பிறகு நாங்கள் தோற்றது கொஞ்சமா? அக்காவிடமும் கடைசி வரை இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

"ஆமாண்டி, தோத்துட்டோம். அத்துக்கின்னா இப்போ? அவன் மூஞ்சியப் பாத்தியா, எப்டி சிரிக்கிறான்?" என்று போனைக் காட்டுவாள்.

அவன் ஆடுகிற மேட்சை எல்லாம் போனில் பார்ப்பாள், கூடை விளிம்பில் சாய்த்து வைத்து. ஈரக் கைக்குப் போன் ஸ்கிரீன் நகராது. "தள்ளிவுடுடி" என்று என்னிடம் நீட்டுவாள்.

அவன் அங்கே கோல் போட்டால், மறுநாள் இங்கே அவன் அம்மாவுக்கு மீன். அந்த வழக்கத்தை அக்கா நிறுத்தவே இல்லை.

நேற்று சாயங்காலம் ஒரு கோல் போட்டான். உடனே அக்கா போன். "பாத்தியாடி?" பார்த்தேன் என்றேன். "நாளிக்கு நல்ல சங்கராவா எடுக்கணும்" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

கிளமெண்ட் பஸ் ஏறிவிட்டான். போனில் அழுதான்... நாளைக்கு அடக்கத்துக்கு வந்துவிடுவான்.

அக்கா வீட்டிலிருந்து திரும்பும்போது மார்க்கெட்டுக்குப் போனேன். ஒரு சங்கராவை எடுத்துக்கொண்டு அவன் அம்மாவிடம் போனேன். "இன்னிக்கிப் போயி மீனு எதுக்கும்மா?" என்று கையை இழுத்துக்கொண்டாள். "உன் புள்ள கோலு போட்டுக்கீறான்ல, வாங்கிக்கோ" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நல்ல மீன்தான் அக்கா. செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் எடுத்தேன்.

போய் வா.