எங்கள் வீட்டு அமெரிக்கன்

எனக்கு ஓர் அமெரிக்க மூதாதை இருந்தார். எனக்குப் பத்து வயதில், டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊரில், ஒரு குளிர்காலம் மட்டும் இருந்தார். பிறகு அம்மா அவரை இல்லாமல் செய்துவிட்டார்.

அவரைக் கண்டுபிடித்துத் தந்தவர் பக்கத்து வீட்டுக் கிழவர். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபின் செத்தவர்களைத் தேடுவதே அவருக்கு முழுநேர வேலை. தேவாலயப் பதிவேடுகளைத் துருவித் துருவித் தன் வம்சத்தை எங்கேயோ பின்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்து அந்தத் தெருவில் குடியேறினோம். எங்கள் கதவில் 'பிரெஸ்டன்' என்ற பெயரைக் கண்டதும் மனிதர் நிலைகொள்ளவில்லை. கறுத்த குடும்பம், வெள்ளைக்காரப் பெயர். அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் பள்ளிக்கூடம் நடத்தினார்கள் என்று நூலகத்தில் வாசித்துவிட்டு, ஒரு கேக்கையும் தூக்கிக்கொண்டு வந்தார். உங்கள் முன்னோரில் ஒருவர் அமெரிக்கர், அப்படித்தானே என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா 'யா' என்றார். டேனிஷில் ஆம் என்பதற்கு அதுதான் சொல். அப்பாவுக்கு நன்றாக வந்ததும் அது ஒன்றுதான். குளிர்கிறதா என்றாலும் யா, வேலை பிடித்திருக்கிறதா என்றாலும் யா. என்னைக் கூப்பிட்டு விளக்கச் சொல்லியிருக்கலாம். கேக்கோடு வந்தவரை ஏன் மறுக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்.

எனக்கோ பெருமையில் தலைகால் புரியவில்லை. வகுப்பில் இரண்டு பேர் என் கையைத் தேய்த்துப் பார்த்து, நிறம் போகிறதா என்று சிரிப்பவர்கள். மறுநாளே அவர்களுக்கு முன்னால் போய் நின்று, எங்கள் பரம்பரையில் ஓர் அமெரிக்கன் இருக்கிறார், உங்களுடையதில் யார் இருக்கிறார்கள், பன்றி வளர்த்தவர்கள்தானே என்று கேட்டேன். அதற்குப் பிறகு என் கையை ஒருவரும் தொடவில்லை. அந்த அமெரிக்கனை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக எனக்கு எண்ணம் இல்லை.

பனி உருகத் தொடங்கிய நாட்களில், நூலகத்தில் நடந்த ஊர் வரலாற்றுச் சங்கக் கூட்டத்துக்குக் கிழவர் எங்களை அழைத்துப் போனார். கோப்பி, கேக், நரைத்த தலைகள். எங்கள் வம்ச மரத்தைப் பெரிய தாளில் அழகாக வரைந்து சுவரில் மாட்டியிருந்தார். உச்சியில் அமெரிக்கர் பிரெஸ்டன். பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறியும் ஒரு பெட்டியும். அவரிலிருந்து இறங்கிய கோடு, அப்பாவின் பூட்டனில், மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்த கொள்ளுத்தாத்தாவில், வந்து முட்டியது. கிழவர் பேசி முடித்தார், எல்லோரும் கை தட்டினார்கள். நான்தான் பலமாகத் தட்டினேன்.

அமெரிக்கருக்குப் பக்கத்திலிருந்த பெட்டியை அம்மா காட்டினார். "பிள்ளை, அதிலை என்ன எழுதிக் கிடக்கு?"

வாசித்துத் தமிழில் சொன்னேன். உள்ளூர்ப் பெண், மணமாகாதவர். பெயர் இல்லை. பழைய பதிவேடுகளில் அப்படி நிறைய இருக்குமாம், கிழவருக்குக் கைப்பழக்கம்.

அம்மா கோப்பியை வைத்துவிட்டு எழுந்தார். அப்பா சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். அம்மா அதை வெடுக்கென்று பறித்துக்கொண்டார்.

"நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. எங்கடை பூட்டன் ஏழைப் பெடியன். அமெரிக்காவிலை இருந்து ஒருத்தன் அவன்ரை படிப்புக்குக் காசு அனுப்பினான். காசு தந்தவன்ரை பேரைப் பிள்ளைக்கு வைக்கிறது மிஷன்ரை வழக்கம். காசு தந்தான், பேர் தந்தான். வேறை ஒண்டும் தரேல்லை."

என் அமெரிக்கனை என் வாயாலேயே நான் கொல்ல வேண்டியிருந்தது. ஆத்திரத்தில் அழுகை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு டேனிஷில் சொன்னேன்.

"அந்தப் பெடியன்ரை தாய் தாலி கட்டின மனுசி. தேப்பனும் எங்கடை ஊர்தான். அதையும் சொல்லு."

அந்தத் தாய் கலியாணம் முடித்தவர் என்று சொன்னேன். அம்மாவுக்கு என் குரல் போதவில்லையாம். திருப்பிச் சொல்லு, எல்லாருக்கும் கேட்கச் சொல்லு என்றார். திருப்பிச் சொன்னேன். கிழவர் மெல்லிய குரலில், பெயர் ஒன்றாக இருக்கிறதே என்றார்.

"இஞ்சை தெருவுக்குத் தெரு யென்சன் எண்டு பேர். எல்லாரும் ஒரு தேப்பனுக்கே பிறந்தனீங்களோ எண்டு கேள்."

அதை மட்டும் சந்தோஷமாகவே கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கிழவரின் காதுவரை சிவந்தது. எழுந்துபோய் அந்தப் பெட்டியைத் தானே அழிறப்பரால் அழித்தார். பெயரைப் பிழையாக ஆராய்ந்ததற்கு வெட்கப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது நான் அம்மாவோடு கதைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அமெரிக்கனை விடமாட்டேன், யார் வந்து கேட்டாலும் விடமாட்டேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டேன். அம்மா எங்களுக்கு முன்னால் தலையை நிமிர்த்திக்கொண்டு விறுவிறென்று போய்க்கொண்டிருந்தார்.

பெயர் மட்டும்தான் தந்தான் என்றால் அதைச் சொன்னால் போதுமே, எப்போதோ செத்துப்போன ஒரு மனுசி கலியாணம் கட்டினவரா இல்லையா என்பதை ஏன் இரண்டு தரம் சொல்ல வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா என் கையை விட்டுவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்து நடந்தார். அவருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.